சம்பத் பெயரில் ஆடியவன்

பெரம்பூர், சென்னை
12-8-1959

அன்புள்ள சம்பத் அண்ணனுக்கு,

குடிபாலா முனிசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் கன்னியம்மாளும் குழந்தையும் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சித்தூர்ப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக நிலைத்துவிட்டீர்கள் என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். சந்தோஷம்.

நான் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறேன். முதுகு விட்டுப்போய்விட்டது. இங்கே ஒரு மில்லில் பூப்பந்து கோஷ்டிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். எடுபட்டால் மில்லிலேயே நிரந்தர வேலை. ஆனால் முன்னே எங்கே ஆடினாய், என்ன ஜெயித்தாய் என்று அத்தாட்சி கேட்கிறார்கள்.

என்னிடம் என்ன இருக்கிறது அண்ணா? நாராயணவனம் திருவிழாப் பந்தயம், புத்தூர் பைனல், திருப்பதி ஷீல்டு எல்லாவற்றிலும் ஓர் ஊர்க் கோஷ்டியில் அந்த ஊர்க்காரன்தான் ஆடலாம் என்பது விதி. அதற்காக உங்கள் பெயரில்தானே குடிபாலா ஊர்க்காரனான என்னை இறக்கினீர்கள். எல்லா ஊரும் அப்படித்தான் கூலிக்கு ஆள் வைத்தது, தப்பென்று நான் சொல்லவில்லை. நீங்கள் பந்தலில் உட்கார்ந்து சோடா குடித்தீர்கள். முன்வரிசைக்காரர்கள் விட்ட பந்தையெல்லாம் கடைசியில் நின்று நான் எடுத்தேன். கப்பில் உங்கள் பெயர், பேப்பரிலும் உங்கள் பெயர்.

அந்த ஆட்டங்களை ஆடியது முனிசாமிதான் என்று நாலு வரி எழுதித் தாருங்கள். அது போதும்.

இப்படிக்கு,
முனிசாமி


சித்தூர்
30-8-1959

அன்புத் தம்பி முனிசாமிக்கு,

அண்ணன் சம்பத்தின் ஆசி. உன் கடிதத்தை அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொன்னாள்.

நீ கேட்டது நியாயம். எழுத உட்கார்ந்தேன், துணிச்சல் வரவில்லை. இந்த உத்தியோகமே அந்தக் கப்புகளைக் காட்டி வாங்கியதுதான் என்பது உனக்குத் தெரியாததா? எல்லைத் தகராறு முடிகிற நேரம் இது. திருத்தணி உங்கள் பக்கம் போகிறது, நாங்கள் ஆந்திராவிலேயே இருக்கப் போகிறோம். யார் அந்தப் பக்கம், யார் இந்தப் பக்கம் என்று எல்லாருடைய காகிதங்களையும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது நான் அப்படி எழுதி, அது யார் கண்ணிலாவது பட்டால் குடும்பத்தோடு தெருவில்தான் நிற்பேன். ஏப்ரலில் எல்லாம் அடங்கிவிடும். அதுவரை பொறுத்துக்கொள்.

அன்புடன்,
சம்பத்


பெரம்பூர், சென்னை
3-1-1960

அன்புள்ள அண்ணனுக்கு,

இடையில் நான் போட்ட இரண்டு கார்டுகளும் கிடைத்திருக்கும். ஏப்ரல் வரை மில் காத்திருக்காது. மாசியிலேயே ஆள் எடுத்துவிடுவார்கள். "நீ எழுதிக்கினே இரு, அவரு படிச்சிக்கினே இருக்கட்டும்" என்கிறாள் கன்னியம்மாள். கூட்ஸ் ஷெட்டில் இப்போது பாதி நாள்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் மூட்டையை இறக்குவதைப் பார்த்தால் யாருக்கும் கூப்பிட மனசு வராது.

உங்கள் வேலைக்குக் கேடு வரும்படி கேட்க எனக்கும் பிடிக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் கேட்கவில்லை. திருப்பதி ஷீல்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், புத்தூரும் உங்களுடையதாகவே இருக்கட்டும். நாராயணவனத்தை மட்டும் எனக்குக் கொடுங்கள். அது சின்னப் பந்தயம், உங்கள் காகிதத்தில் அதை யாரும் தேடமாட்டார்கள்.

ஜெயித்த அன்று உங்கள் வீட்டில் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். எனக்கு மாட்டுக்கொட்டகையில் இலை போட்டார்கள். அதைக் குத்திக்காட்ட இந்தக் கடிதம் எழுதவில்லை. ஆனாலும் எழுதும்போது அதுதான் ஞாபகம் வருகிறது.

இப்படிக்கு,
முனிசாமி


சித்தூர்
2-2-1960

அன்புத் தம்பி முனிசாமிக்கு,

தூக்கமில்லாமல் யோசித்து, இத்துடன் ஓர் அத்தாட்சி வைத்திருக்கிறேன். நீ எங்கள் கோஷ்டிக்குக் கோர்ட்டில் கோடு போட்டு, பந்து பொறுக்கிக் கொடுத்து உண்மையாக உழைத்தாய் என்றும், ஆட்டமும் ஓரளவு அறிவாய் என்றும் எழுதியிருக்கிறேன். ஆட எடுக்காவிட்டாலும் மைதான வேலைக்காவது எடுப்பார்கள்.

இதற்கு மேல் என்னால் ஆகாது. கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
சம்பத்


பெரம்பூர், சென்னை
6-4-1960

சம்பத் அண்ணனுக்கு,

உங்கள் அத்தாட்சியை அடுப்பில் போட்டுவிட்டுத்தான் மில்லுக்குப் போனேன். கோபம் இல்லை என்று சொன்னால் பொய்.

வெறுங்கையோடு வந்தவனை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பின்வரிசைக்கு ஓர் ஆள் குறைந்ததால் கடைசியில் இறக்கினார்கள். முதுகு வலியோடுதான் ஆடினேன். என்னைத் தாண்டி ஒரு பந்தும் தரையில் விழவில்லை. ஆட்டம் முடிந்ததும் மில் அதிகாரி கிட்டே வந்து முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏம்பா, புத்தூர் பைனல்ல உன்னப் பாத்தனே. நீ சம்பத்துதானே? இத்தினி நாளா எங்க ஆடிக்கினு இருந்த?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இல்லையென்றால் மறுபடியும் மூட்டைதான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளே வேலை கொடுத்தார்கள். பகலில் தறி, சாயங்காலம் ஆட்டம். தகப்பன் பெயர் என்னவென்று கேட்டபோது உங்கள் தகப்பனார் பெயரைச் சொன்னேன். என் நைனா பாலையா இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ. அங்கேதான் எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை கிடைத்த சந்தோஷம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கன்னியம்மாளுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. கட்டிய நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதே இல்லை.

போன வாரம் எல்லையைப் பிரித்துவிட்டார்கள். நாமும் பிரித்துக்கொள்வோம். அந்தப் பக்கம் நீங்கள் சம்பத்தாக இருங்கள், இந்தப் பக்கம் நான் இருந்துகொள்கிறேன். உங்கள் உத்தியோகத்துக்கு என்னால் ஆபத்து வராது, நான் அங்கே வரமாட்டேன். நீங்களும் இங்கே வராதீர்கள்.

இனிமேல் கடிதமும் வேண்டாம். முனிசாமி என்று விலாசம் எழுதிப் போட்டால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று உங்களுக்கே திரும்பி வந்துவிடும்.

இப்படிக்கு,
சம்பத்