துஷ்டி மவுஸ்

அண்ணாச்சி, முன்னால் 'அன்புள்ள' என்று போட மனம் வரவில்லை. அதனால் வெறும் அண்ணாச்சி.

இன்று காலை தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு மவுஸ் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். ஏழெட்டு மவுஸை அட்டைப்பெட்டியிலிருந்து பிரித்து மேசையில் வைத்தார். புது பிளாஸ்டிக் வாசனை எழுந்தது. அந்த வாசனையோடு நீங்களும் வந்து நின்றுவிட்டீர்கள். எனக்கு உடனே எரிச்சல் வந்தது. அப்போது அவர் கேட்டார்: "எந்தக் கையில பிடிப்பியக்கா?"

உங்களிடம் பதினாலு வருஷம் வேலை பார்த்தேன். நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டீர்கள், அவ்வளவுதான்.

அந்த உத்தரவு போட்ட நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் உங்கள் பத்திரிகை, ஃபிளெக்ஸ் கடை. மகள் கல்யாணப் பத்திரிகைக்காகக் கடையத்திலிருந்து ஒரு அம்மா வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். நம் கடையில் அதுதானே வழக்கம், பார்ட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து திரையைப் பார்த்துத் திருத்தம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கைப் பழக்கம். இடது கையால் மவுஸைப் பிடித்து, பிள்ளையார் படத்தை மேலே நடுவில் கொண்டுபோய் வைத்தேன். பின்னாலிருந்து நீங்கள் போட்ட சத்தத்தில் அந்த அம்மாவே திடுக்கிட்டுவிட்டார்கள்.

"ஏட்டி பேச்சி! பிள்ளையாரப் போயி நொட்டாங்கையால நவட்டுதியே, வீட்டுல ஒண்ணும் சொல்லித் தரலியா? சோத்தாங்கைக்கு மாத்துட்டி."

மாற்றினேன். அந்த அம்மா போன பிறகு, "அவிய மூஞ்சியச் சுழிச்சத நீ பாக்கல. நான் பாத்தேன்" என்றீர்கள். நான் பார்த்தது வேறு. மாப்பிள்ளையின் படிப்பைச் சரியாகப் போட்டிருக்கிறேனா என்று திரையில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள், என் கையை அவர்கள் பார்க்கவே இல்லை. ஆனாலும் நீங்கள் முதலாளி, நான் புதுசு. உங்கள் கண்ணைத்தான் நம்பினேன்.

வலது கையால் சாப்பிடத் தெரிந்த எனக்கு வலது கையால் மவுஸ் பிடிக்க ஒரு மாதத்தில் வந்துவிட்டது. வராதது கைக்குப் பொருந்துகிற மவுஸ்தான். கடைக்கு மவுஸ் வாங்குவது எப்போதும் நீங்கள். சிவப்பு விளக்கு எரிய வேண்டும், முதுகு கூன் மாதிரி உயர்ந்திருக்க வேண்டும், பார்ட்டிகள் பார்த்தால் பெரிய கடை என்று நினைக்க வேண்டும். இடது பக்கத்தில் கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம் இருக்கும், அதனால் இடது கையில் பிடிக்கவே முடியாது. உங்கள் கை பெரிய கை. கடையில் வைத்து ஒரு தடவை பிடித்துப் பார்த்து, "அம்சமா இருக்கு" என்று வாங்கி வந்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு அதை நீங்கள் தொடவே மாட்டீர்கள். நான்தான் நாள் முழுக்கப் பிடித்திருப்பேன்.

என் உள்ளங்கை அதன் முதுகை எட்டாது. கிளிக் செய்ய விரல்களை நீட்ட வேண்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் மேசையில் இழுபடும், மணிக்கட்டு மேசைக் கண்ணாடியின் விளிம்பில் அழுந்தும். சாயுங்காலம் கட்டைவிரல் அடியில் விண் விண்ணென்று தெறிக்கும். அதுவும் சீசன் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சாரல் விழுந்த அன்றே குற்றாலத்து லாட்ஜ்காரர்களும் எண்ணெய்க் குளியல்காரர்களும் பழக்கடைக்காரர்களும் போர்டு, பேனர் என்று வந்து மொய்த்துவிடுவார்கள். வலி தாங்காமல் ஒரு கைக்குட்டையை மடித்து மணிக்கட்டுக்குக் கீழே வைத்தேன். "கடை நடத்துதோமா, ஆஸ்பத்திரி நடத்துதோமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள். இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

இன்று அந்தக் கடைக்காரர் சிரிக்கவில்லை. "பிடிச்சிப் பாருங்கக்கா, அவசரமே இல்ல. செருப்பு வாங்கையில போட்டு நடந்து பாக்கோம்லா, அது மாதிரிதான்" என்று கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக மாட்டித் தந்தார். கை குலுக்குவதுபோல் பக்கவாட்டில் பிடிக்கிற ஒன்று இருந்தது. மணிக்கட்டு திருகாது, வலிக்கு நல்லது என்றார். ஆனால் அது வலது கைக்காரர்களுக்கு மட்டும். "இடது கைக்கு ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கணும்" என்று வருத்தப்பட்டார். ஒன்று கனம் அதிகம். ஒன்றின் கிளிக், விரலால் சொடக்குப் போடுகிற அளவுக்கு அழுத்தம் கேட்டது. எனக்காக ஒருவர் பொறுமையாக நிற்கிறார் என்பதே கூச்சமாக இருந்தது. இந்தக் கூச்சமும் நீங்கள் கொடுத்ததுதான்.

கைக்குட்டை விஷயத்துக்குப் பிறகு நான் வீட்டிலிருந்து ஒரு மவுஸ் கொண்டுவந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? சின்னது, தட்டையானது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். நீங்கள் வெளியே போயிருந்தபோது இடது கையில் பிடித்து வேலை செய்துகொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தீர்கள். அன்றைக்கு நீங்கள் கத்தவில்லை. பெரிய மனது பண்ணுகிற தோரணையில் சொன்னீர்கள்: "சரி, துஷ்டி வேலைக்கு வேணா அத வச்சிக்க. நல்ல காரியத்துக்கு அதத் தொடப்புடாது."

அன்று முதல் நம் கடையில் இரண்டு மவுஸ். கல்யாணம், சடங்கு, பால்காய்ப்பு எல்லாவற்றுக்கும் வலது கையில் அந்தக் கூன் முதுகு. ஊரில் சாவு விழுந்தால், கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்கும் கருமாதிப் பத்திரிகைக்கும் இடது கையில் என் சின்ன மவுஸ். அதற்கு 'துஷ்டி மவுஸ்' என்று பெயரும் வைத்தீர்கள். சந்தன வாசனை போட்ட மாதிரிப் பத்திரிகைகளோடு சேரக் கூடாதென்று பாலித்தீன் உறையில் சுற்றி, கீழ் டிராயரில் தனியாக வைக்கச் சொன்னீர்கள். வருகிறவர்களிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்வீர்கள். அவர்களும் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள்.

இனி எழுதப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாவு வேலை வந்தால்தான் என் கைக்கு ஓய்வு. டிராயரைத் திறந்து அந்தச் சின்ன மவுஸை இடது கையில் எடுத்ததும், வலது கட்டைவிரலின் தெறிப்பு மெல்ல அடங்கும். முதலில் அது வெறும் சுகமாகத்தான் இருந்தது. பிறகு நான் அதற்குக் காத்திருக்க ஆரம்பித்தேன். சீசனில் ஒரு வாரம், பத்து நாள் எந்தச் சாவும் வராமல் போனால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். தோளில் துண்டும் வீங்கிய கண்ணுமாக ஒருவர் சந்துக்குள் திரும்பினால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே என் விரல்கள் தளர்ந்துவிடும். யாராவது சாகமாட்டார்களா என்று ஏங்குகிற ஒருத்தியாக என்னை ஆக்கினீர்கள், அண்ணாச்சி. நான் அப்படிப்பட்டவள் இல்லை. வீட்டில் கோழி அறுத்தால்கூட எழுந்து போய்விடுகிறவள்.

ராயகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தாரே, அந்த நாளை நீங்கள் மறந்திருப்பீர்கள். மகன் பைக்கிலிருந்து விழுந்து இறந்துவிட்டான். படம் வேண்டுமென்று கேட்டபோது, "உங்க கிட்டயே இருக்கும்மா" என்றார். இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் அவன் கல்யாண பேனரை நான்தான் செய்திருந்தேன். அந்தப் படத்தைத் திறந்து, மணப்பெண்ணின் பக்கத்திலிருந்து அவனை மட்டும் தனியாக வெட்டி எடுக்க வேண்டும். தோளைச் சுற்றி, காதைச் சுற்றி, தலைமுடியைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கிளிக் செய்துகொண்டே போனேன். அன்று காலையிலிருந்து நாலு லாட்ஜ் பேனர் முடித்து நொந்து போயிருந்த வலது கை மடியில் கிடந்தது. வலி இறங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டூலில் இருந்த பெரியவர் திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, சிரிக்கே?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். நான் சிரித்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வலி விட்ட முகம் அப்படித்தான் இருந்திருக்கும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? நீங்கள்தான் ஓடி வந்தீர்கள். "அவ மூஞ்சியே அப்பிடித்தான் பெரியவரே, தப்பா எடுத்துக்கிடாதிய" என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தீர்கள். அவர் சமாதானமாகி வேலையை முடித்து வாங்கிக்கொண்டு போனார். ஒரு தகப்பன் பிள்ளையைப் பறிகொடுத்த அன்று என் முகத்தில் சிரிப்பைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் ஊர் எனக்குத் தெரியும், வீடு தெரியாது. தெரிந்தாலும் போய் என்ன சொல்ல?

அன்று சாயுங்காலமே உங்களிடம் கேட்டேன். "எல்லா வேலைக்கும் அந்தச் சின்ன மவுஸையே வச்சிக்கிடுதேன் அண்ணாச்சி. என்னால முடியல."

"கல்யாணப் பத்திரிகைய துஷ்டி மவுஸால அடிக்கவா? கடை வெளங்குமாட்டி? இருக்க இஷ்டம்னா இரு, இல்லன்னா போ."

போனேன். என் மவுஸைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மேலகரத்தில் வீட்டு முன்னறையிலேயே ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்தேன். இங்கே எனக்கு முதலாளி கிடையாது, கேட்க ஆள் கிடையாது. இருந்தும் இரண்டு வருஷமாக வலது கையில்தான் பிடித்தேன்! பத்திரிகை வேலை என்றால் இடது கை மவுஸ் பக்கம் போகவே பயந்தது. இதை நினைத்தால் உங்கள் மேல் வருகிற ஆத்திரம் என் மேலும் வருகிறது. போன மாதம் டாக்டர் கட்டைவிரலை அமுக்கிப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் இந்தக் கையால் ஒரு தம்ளரைக்கூடத் தூக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முன்னால், ஆடியில், நீங்கள் போய்விட்டீர்கள். மதினிதான் போன் போட்டார்கள். "பேச்சி, அவிய போயிட்டாவட்டி" என்றார்கள். யார், என்ன என்று மனசுக்கு எட்டுவதற்குள் என் விரல்கள் தளர்ந்தன. உங்களுக்கும் தளர்ந்தன. மற்றவர்களின் சாவுக்கு எப்படியோ, அப்படியே. "நீ ஃபிளெக்ஸ் செஞ்சாத்தான் அவிய மூஞ்சி மூஞ்சியா இருக்கும், வந்து செஞ்சி குடு" என்று மதினி அழுதார்கள். அவர்களுக்காகக் கடைக்கு வந்தேன். உங்கள் டிராயரைத் திறந்தேன். என் சின்ன மவுஸ் உறையோடு அங்கேயே கிடந்தது. மதினி ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, உங்கள் காதையும் வழுக்கையையும் சுற்றி இடது கையால் கிளிக் செய்துகொண்டு போனேன். வலது கையால் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். பேச்சி அழுதுகொண்டே செய்தாள் என்று உங்கள் வீட்டில் இப்போதும் சொல்கிறார்களாம். நான் அழவில்லை. என் முகம் எப்படி இருக்கிறது என்று மதினிக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

இன்று வாங்கியது சாம்பல் நிறத்தில் சின்னது. உள்ளங்கை முழுதாக உட்காருகிறது, விரல்கள் தானாகப் பித்தான்மேல் விழுகின்றன, சுண்டு விரல் மேசையில் இழுபடவில்லை. இடது கையில் வைத்து வெகுநேரம் நகர்த்திப் பார்த்தேன். "இதுதானக்கா உங்க கைக்கு" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்ததும் அதையே மாட்டினேன். மத்தியானம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார்கள். இடது கையால் பிள்ளையாரைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். ஓரக்கண்ணால் அவர்களைப் பார்த்தேன். தாய்மாமன் பெயர் மேலே வருமா, கீழே வருமா என்று அந்த இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கையை யாரும் பார்க்கவில்லை. பதினாலு வருஷமும் மூஞ்சியைச் சுழித்தது நீங்கள் ஒருவர்தான் என்று அப்போது எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

அவர்கள் போன பிறகு மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலி துளி இல்லை. தெருவில் சங்குச் சத்தம் கேட்டது, யாரையோ தூக்கிக்கொண்டு போகிறார்கள். எழுந்து போய் யார் என்று கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்கு முன்னால், மடியில் சும்மா கிடந்த என் வலது கையின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

கை சீக்கிரம் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். ஆகட்டும். அந்த வலிக்காக உங்களை என்றைக்காவது மன்னித்தாலும் மன்னிப்பேன். இதற்கு மாட்டேன், அண்ணாச்சி.

பேச்சி