எளிய வாழ்வும் மோர்டன் சுடுதண்ணீரும்

எளிய வாழ்வின் தனிப்பெருந் தொண்டர் குகனேசன் அவர்களின் மேலான கவனத்திற்கு, நாம் குடியிருக்கும் இந்தக் கால்வாய்ப் படகின் மற்றப் பாதியான உங்கள் மனைவி அறிவிப்பது:

லண்டன் மோர்டனிலிருந்து உங்கள் அக்கா இன்று போன் எடுத்தார். "தம்பி கிழமையில பாதி நாள் இஞ்ச வந்து சுடுதண்ணியில குளிச்சு, புட்டும் சாப்பிட்டுப் போறான். நீ மட்டும் ஏன் வெக்கப்படுறாய்? வாவன்!" என்றார்.

கிழக்கு லண்டன் பார்க்கிங் நகரில் இருந்த நம் வீட்டை விற்று, என் கட்டிலையும் கிரைண்டரையும் கண்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டு, "ஒரு மனிசருக்கு ஒரு வாளித் தண்ணி காணும்" என்று பிரசங்கம் வைத்தீர்கள். பனி கொட்டிய நாளிலும் நான் அந்த ஒரு வாளியில்தான் குளித்தேன். உங்கள் உடம்பில் லாவண்டர் சோப் மணத்தபோது, "கரையில பூ பூத்திருக்கு" என்றீர்கள். ஜனவரி மாதத்தில்! அதையும் நம்பினேன்.

சோறும் பருப்பும் அடுப்பில் இருக்கின்றன. கதவுப் பூட்டின் திறப்பு பூச்சட்டிக்குக் கீழே. ஒரே கரையில் கட்டலாம் என்ற இரண்டு கிழமைக் கெடு முடிகிறது, நாளைக்குப் படகை நகர்த்த வேண்டும்; வழியில் தண்ணீரை மறிக்கும் கால்வாய்க் கதவைத் தனியாகத் தள்ளிப் பழகுங்கள். நான் மோர்டன் மச்சாள் வீட்டுக்குக் குளிக்கப் போகிறேன். திரும்பி வருவதைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை.

சிவகௌரி

பி.கு: குளித்ததைக்கூட மன்னிக்கலாம். எனக்கென்று ஒரு பிடி புட்டுக் கட்டிவரத் தோன்றவில்லையே, அப்பா!

இன்னொன்று: படகின் கக்கூஸ் பெட்டி நிறைந்துவிட்டது.