அத்தான் கடை நண்டு

ஜூலை 11, வெள்ளி

கச்சான் காற்று. முகமெல்லாம் மணல். நானும் இவரும் திருகோணமலையிலிருந்து பஸ்ஸில் மட்டக்களப்பு. நாளை கல்முனையில் கல்யாணம், இங்கே ஒரு இரவு மட்டும். வாவிப் பக்கம் அறை. குழாய்த் தண்ணீர் உப்பு.

இரவுச் சாப்பாட்டுக் கடை இவர் தேர்ந்தது. எல்லாம் கலப்பு. கூனி இறால் சம்பல் பூசிய ரோஸ்ட் பாண், கண்ணாடிக் கிளாசில் பிட்டு, நண்டுக்கறி ஊற்றிய பாஸ்தா. நக்கலுக்குத்தான் நண்டு கேட்டேன். வாயில் வைத்ததும் திடுக்கிட்டேன். அக்காவின் கறி! அதே மாங்காய்ப் புளிப்பு, அதே காரம்.

பக்கத்து மேசைக் கொழும்பு ஆட்களிடம் முதலாளி: "இது எங்கட அம்மாட கைப்பக்குவம்."

குரலிலேயே தெரிந்துவிட்டது. சிவம் அத்தான். அக்காவை விட்டுவிட்டு இத்தாலிக்குப் போய் வேறு கல்யாணம் கட்டியவன். முடி போய்விட்டது, வயிறு வந்திருக்கிறது.

"உங்கட அம்மா சுத்த சைவம்தானே? நண்டை வளவுக்குள்ளயே விடமாட்டாவே!" உரக்கத்தான் கேட்டேன்.

கொழும்பு ஆட்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். அவன் முகம் வெளிறியது.

"மச்சாள்... மெதுவாக் கதைங்க. ஆக்கள் இரிக்காங்க."

"அக்காட கறியெண்டு சொல்லுங்க. மெதுவாக் கதைக்கிறன்."

அதற்குப் பதிலாக வட்டிலப்பம் போட்ட ஐஸ்கிரீம் அனுப்பினான், இலவசமாம். நான் தொடவில்லை. இவர் தன்னுடையதையும் என்னுடையதையும் தின்றார். மனிதர்!

12, சனி

விடிந்ததும் கொக்கட்டிச்சோலைக்கு, அக்காவுக்கு, போன். எல்லாவற்றையும் கொட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"அவன் வந்து கடை திறந்தது எனக்குத் தெரியும். கறித்தூள் நான்தான் இடிச்சுக் குடுக்கிறன். நண்டு வைக்கவும் நான்தான் காட்டின."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னாக் கத்துவாய்."

"அம்மாட சமையலெண்டு சொல்றான் அக்கா!"

"என்ட பேரைச் சொல்லாதயெண்டு நான்தான் சொன்ன. ஊர் கதைக்கும். நீ கத்தினதுக்குப் பிறகு இனி தூள் வாங்குவானோ தெரியாது. அதுதான் என்ட சீவியம் புள்ள."

"வாங்காட்டி நல்லம்," என்றேன். போனை வைத்துவிட்டாள்.

கல்முனை பஸ். சன்னலோரம், ஒரே புழுக்கம். இவர்: "உன்ட அக்காட்ட ஒருக்காப் போயிட்டுப் போவமா?" கல்முனைக்கே இரண்டு டிக்கெட் எடுத்தேன். இத்தனை வருடமும் அவளுக்காகத்தான் அவனை வெறுத்தேன். அவள் தூள் இடித்துக் கொடுத்திருக்கிறாள்.