பெரியப்பாவிடம் காட்ட வேண்டிய படம்

என் கண்ணுக்கு,

தெருவே தூங்குகிற நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். பகலில் நான் பேனாவை எடுத்தாலே ஓய்வெடு ஓய்வெடு என்று உங்க அப்பா பிடுங்கி வைத்துவிடுகிறார். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வருவாய் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. பதறாதே, உட்கார்ந்து படி.

மாடி ஏறினால் நெஞ்சை அமுக்குகிறது என்று சொன்னேனே, உன் பெரியப்பாதான் தன் கிளினிக்குக்கு வரச் சொன்னார். வீட்டுக்குள்ளேயே டாக்டர் இருக்கும்போது வெளியே ஏன் அலையணும் என்று உங்க அப்பாவுக்கு ஒரே பெருமை. ஸ்கேன் கருவியை நெஞ்சில் ஒரே இடத்தில் வைத்தார், காதில் போன், மெக்கானிக்கோடு கார் பேச்சு. மொத்தத்தில் இதயம் ரத்தத்தை நன்றாகத் தள்ளுது, கோளாறு உன் மண்டையிலதான், நாற்பதுகூட ஆகலை அதுக்குள்ள உனக்கென்ன மாரடைப்பு ஆசை, பயந்தாங்கொள்ளி என்று நர்சுகள் எதிரிலேயே சிரித்தார். உங்க அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதை நான் மறக்கிற ஜாதி இல்லை.

போன வாரம் ஆபீசில் கண் இருட்டி விழப்போனேன், பக்கத்து சீட் அக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்த பெண் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சை விட்டுப் பிடிக்கச் சொல்லி, விலா இடுக்கு மாற்றி மாற்றிப் பார்த்தாள். இதயச் சுவரைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு எவ்வளவு சுருங்குகிறது என்று தனித்தனியே அளக்கிறார்களாம். கடைசியில் தட்டு மாதிரி ஒரு வட்டப் படம் வந்தது, எல்லாம் கருஞ்சிவப்பு, ஒரு ஓரம் மட்டும் வெளுப்பு. அந்த ஓரம் வேலையே செய்யவில்லை, பக்கத்துத் துண்டுகள் அதற்கும் சேர்த்து மாடாய் உழைப்பதால் மொத்தக் கணக்கில் தெரியாமல் போயிருக்கிறது என்றார் டாக்டரம்மா. எங்க வீட்டு நடப்பும் அதேதான் டாக்டர் என்றேன், சிரித்துவிட்டார். மருந்து ஏற்றித் திரும்பப் பார்த்தபோது வெளுத்த ஓரம் லேசாக அசைந்தது. சாகவில்லை, ரத்தம் போதாமல் சுருண்டு கிடக்கிறதாம். இன்னும் இரண்டு வாரத்தில் அதற்கு ரத்தம் போகிற குழாயின் அடைப்பைத் திறக்கிறார்கள். எழுந்துகொள்ளும் என்கிறார்கள், சத்தியம் பண்ணித் தரவில்லை.

விஷயம் தெரிந்து பெரியப்பா ஒரு பை ஆப்பிளோடு வந்தார். இதெல்லாம் யாருக்கும் தப்புறதுதான், குடும்பத்துக்குள்ள பெரிசு பண்ணாதே என்றார். ஒரு மன்னிப்புக்கூட வாயில் வரவில்லை. அவர் பார்க்கப் பார்க்க அந்தப் பையை அப்படியே வாட்ச்மேனிடம் கொடுத்தேன். டாக்டர்கள் கவுன்சிலுக்குப் புகாரும் போட்டாயிற்று. அண்ணன் பேர் கெட்டுடுமே என்று உங்க அப்பா கையைப் பிசைகிறார். என் உயிர் போனா பரவாயில்லையா என்று கேட்டேன், துணி மடிக்கப் போய்விட்டார். மடிக்கட்டும்.

இப்போது உன் வேலை. அடுத்த வாரம் டாக்டர்கள் மாநாட்டுக்கு உன் ஊருக்கு வருகிறாராம், உன் வீட்டில் சாப்பிடுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நன்றாகவே போடு, ஒரு குறையும் வைக்காதே. வயிறு நிறைந்து சாய்ந்து உட்கார்ந்ததும், இதோடு வைத்திருக்கும் படத்தை அவர் கையில் கொடு. எந்த ஓரம் என்று நீ காட்டாதே, அவரே தேடட்டும். எத்தனை நேரமானாலும் எதிரிலேயே உட்கார்ந்திரு. போனை எடுத்தால் வாங்கி வைத்துவிடு.

இப்படி ஒரு காரியத்தை மகளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன், யோசித்தபின்தான் எழுதுகிறேன். என்னைவிட இருபது வயசுதான் சின்னவள் நீ, ரத்தமும் என்னுடையது, நீயும் ஒருமுறை கொழுப்பு பரிசோதனை செய்துகொள். யாராவது சிரித்தால் வேறு டாக்டரைப் பார். நீ நூறு வருஷம் நன்றாயிரு தாயி, எந்த மாடியும் மூச்சு வாங்காமல் ஏறு.

ஆபரேஷன் அறைக்குள் நான் போகும்முன் அவர் முகம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். சீக்கிரம் பதில் போடு.

உன் பயந்தாங்கொள்ளி
அம்மா