அப்பாவின் முகத்துக்கு ஓர் அச்சு

செப்டம்பர் 12, 2024

சாமை பால் பிடித்துவிட்டது. எங்களுக்கு முன்பே குரங்குகளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா கால் முறிந்து கட்டிலோடு கிடப்பதும் தெரிந்திருக்கிறது. அவர் எங்கள் கொல்லை வரப்பில் நின்று ஒரு முறை முறைத்தால் போதும், கூட்டமே காட்டுக்குள் ஓடும். நான் போனால் பெரிய ஆண் குரங்கு கொட்டாவி விடுகிறது. வேன் ஓட்டுகிறவனுக்கு அவ்வளவுதான் மரியாதை. இந்தச் சாமை போனால் வருஷம் முழுக்கச் சோற்றுக்கும் இல்லை, விதைக்கும் இல்லை.

செப்டம்பர் 15

பிரியா சொல்கிறாள்: "கொரங்குக்கு மாமா மூஞ்சிதானே பயம்? அந்த மூஞ்சியவே செஞ்சி கொல்லையில நட்டுடலாம்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்பு கணியம்பாடியில் மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்தவள். போனில் என்னென்னவோ வீடியோ பார்த்து வைத்திருக்கிறாள். திருப்பத்தூர் போனால் ரப்பர் பால் ஒரு கேனும் பிளாஸ்டர் மாவும் வாங்கி வரச் சொன்னாள். அப்பாவிடம் கேட்டோம். "இன்னா எழவோ பண்ணுங்க" என்றார். அவரிடம் அதுதான் சம்மதம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

அப்பாவைப் பாயில் படுக்க வைத்தாள். வாசல் வெளிச்சத்துக்காகத் தலையைத் தெற்கே வைத்தாள். முடியில் மாவு ஒட்டாமலிருக்க பிளாஸ்டிக் உறை. அது நழுவாமல் தாடையோடு சேர்த்து வெள்ளைத் துணியால் ஒரு கட்டு. காதில் பஞ்சு. மூக்குத் துளைகளை மட்டும் விட்டு முகம் முழுக்க வெள்ளை மாவு. வெளியே மழை மூட்டம், கரண்டும் போனது. தலைமாட்டில் விளக்கை ஏற்றி வைத்தேன்.

தெற்கே தலை, தாடையில் கட்டு, தலைமாட்டில் விளக்கு — எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை. மோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டு காந்தா அக்காவுக்கு உறைத்தது. அவர் மாரில் அடித்துக்கொண்ட சத்தம் அடுத்த கொல்லை வரை போயிருக்கிறது. அங்கிருந்து ஓடி வந்தவர் ரங்கசாமி சித்தப்பா. அப்பாவின் சொந்தத் தம்பி. எல்லைப் புளியமரத்துக்காகச் சண்டை போட்டு, பல வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். "அண்ணா, மரத்த நீயே வெச்சிக்கோ. எந்திரிச்சி என்ன ஒரு வார்த்த திட்டுண்ணா."

நான் அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன்; உதறிவிட்டார். பிரியாதான், மாவு விரிசல் விடும் கவலையில், குனிந்து சொன்னாள்: "மாமா, ஆடாதீங்க. இன்னும் காயல."

சித்தப்பாவின் அழுகை அப்படியே நின்றது. பிணத்திடம் இப்படிப் பேசும் மருமகளை அவர் எங்கே பார்த்திருக்கிறார். விஷயம் புரிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

அப்பா? ஆடவே இல்லை. அவருடைய பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு.

செப்டம்பர் 25

பின்மண்டைக்கும் அச்சு எடுத்தாயிற்று. கதவைத் தாழிட்டுவிட்டோம்.

அக்டோபர் 2

இரண்டு அச்சையும் சேர்த்துக் கட்டி, உள்ளே ரப்பர் பாலை ஊற்றி உருட்டி, வடித்து, காயவிட்டு, மறுபடி ஊற்றி — எத்தனை முறை செய்தாளோ. பிறகு பவுடர் தூவி மெல்ல உரித்தாள். கன்னத்து மரு, அம்மைத் தழும்பு, நெற்றி ரேகை, ஒன்றும் தப்பவில்லை. வெயிலில் கறுத்த இடத்துக்கு ஒரு நிறம், தலைப்பாகை மறைக்கும் இடத்துக்கு ஒரு நிறம் என்று பார்த்துப் பார்த்துப் பூசினாள். மீசையை ஒவ்வொரு முடியாக ஊசியால் குத்தினாள். இவளோடுதான் குடும்பம் நடத்துகிறேன்; இவள் கண் இப்படிப்பட்டதென்று தெரியாமலே இருந்திருக்கிறேனே. வேனில் வரும் டீச்சர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். பெருமை தாங்கவில்லை.

அக்டோபர் 4

நட்டோம். அப்பாவின் சட்டை, அப்பாவின் தலைப்பாகை. குரங்குகள் கொஞ்சம் தயங்கின. பிறகு அந்தப் பெரியது வந்து, அப்பாவின் தோளில் ஏறி உட்கார்ந்து, கதிரை உருவித் தின்றது. ஒரு ஓரம் முழுக்கப் போயிற்று. சே, எவ்ளோ கஷ்டப்பட்டா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிரியா முகமூடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, உதட்டோரத்த பாருங்க. மாமா சிரிக்கறாரு."

உண்மைதான். மாவுக்கு அடியில் சிரித்திருக்கிறார் மனிதர். மீசை குத்திய மும்முரத்தில் எங்களுக்குத் தெரியவில்லை. அவர் சிரித்துக் குரங்கு எங்கே பார்த்தது? நானே பார்த்ததில்லை. இன்னொன்று செய்து காய்வதற்குள் கொல்லையில் கதிரில்லாத வெறும் தாள்தான் மிஞ்சும்.

அக்டோபர் 6, ஞாயிறு

விடியற்காலையில் கொல்லைப் பக்கம் அப்பாவின் அதட்டல். அப்பாவோ கட்டிலில் இருக்கிறார். ஓடினோம்.

சித்தப்பா எங்கள் வரப்பில் நின்று முறைத்துக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. குரங்கு ஒன்றுகூட இல்லை. அதே நெற்றி, அதே முறைப்பு. அவர் கொல்லைக்கு மட்டும் குரங்கு போவதில்லையே என்று இத்தனை நாள் வயிறெரிந்தோமே.

"இந்த மூஞ்சி பக்கத்து கொல்லையிலயே இருந்திருக்குதுங்க" என்றாள் பிரியா.

வற்புறுத்திக் களி சாப்பிட அழைத்து வந்தாள். கொல்லையிலிருந்து எடுத்து வந்து சுவரில் மாட்டியிருந்த முகமூடியைச் சித்தப்பா பார்த்தார். "இது இன்னாத்துக்கு சிரிக்குது?"

"நீங்க கால புடிச்சி அழுதப்ப எடுத்த அச்சு, சின்ன மாமா."

சித்தப்பா திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா முறைத்தபடியே களித் தட்டைத் தம்பி பக்கம் தள்ளினார்.

"துன்னு. நாளைக்கும் வெள்ளென வந்துடு."