அப்பா முன்விலைக்கு விற்ற ஆட்டம்

அன்பு மகன் டால்டனுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத மனம் வரவில்லை. மணிக்கட்டு வீக்கம் வடிந்ததா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? விசாரணைக்காக உன் போனைக் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று உன் கூடைப்பந்து கோச் சொன்னார். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கன்சாஸில் இன்னும் பனி விடவில்லை. கோதுமைப் பயிர் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது.

அன்று வீடியோவில் பேசும்போது நீ இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். "கை சரியில்லம்மா. வெளிய மூச்சு விட்டுடாத, கோச் கொன்னுடுவாரு" என்றாய். நான் மூச்சு விடவில்லை. ஆனால் எதிரே உன் அப்பா உட்கார்ந்து சில்லிக் குழம்பில் சினமன் ரோல் பன்னைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்; காதில் விழுந்துவிட்டது.

மறுநாளே அவர் போனில், ஆட்டத்தின் முடிவைப் பங்கு மாதிரி வாங்கி விற்கிற ஒரு சந்தைக்குள் போய், உங்கள் அணி தோற்கும் என்ற பக்கத்தில் பங்கு வாங்கியிருக்கிறார். அங்கே வெற்றிக்கும் விலை உண்டாம், தோல்விக்கும் உண்டாம். தானியக் கிடங்கில் சிநேகிதர் மெர்லிடமும் சொல்ல, அங்கே காபி குடிக்க வருகிற அத்தனை பேரும் வாங்கிவிட்டார்கள். உங்கள் வெற்றியின் விலை திடீரென்று சரிந்ததும், வாங்கியவர்கள் எல்லாம் உன் ஊர்க்காரர்கள் என்று தெரிந்ததும்தான் இந்த விசாரணையே கிளம்பியது.

கேட்டால் என்ன சொல்கிறார் தெரியுமா? "இது சூது இல்ல லொரெய்ன். அறுவடைக்கு முன்னாடியே பாதிக் கோதுமைய முன்விலைக்கு வித்துடறோம்ல? அது மாதிரிதான். அவன் ஜெயிச்சா சந்தோஷம், தோத்தா காசு. எப்படியும் வீட்ல ஒப்பாரி இருக்காது." இத்தனை வருஷமும் இந்தக் குடும்பம் மூழ்காமல் இருந்தது அப்படித்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன்னை விற்றது கோதுமைக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்துவிட்டதே.

ஆட்டத்துக்கு உன் எண் போட்ட சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்தார். கடைசியில் உன் இரண்டு எறிதலும் வளையத்தில் பட்டுத் தெறித்தபோது அரங்கமே இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டது. உன் அப்பா ஒரு கையைத்தான் வைத்தார். இன்னொரு கையில் போன் இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லலன்னே சாதிக்கச் சொல்லு" என்கிறார். நீயும் அப்படியே சாதிக்கிறாயாம். வேண்டாம் கண்ணா. பொய் வெளிப்பட்டால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள். வியாழக்கிழமை அவர்கள் கேட்கும்போது, அம்மாவிடம் சொன்னேன் என்று சொல்லிவிடு. அதுதானே உண்மை? மிச்சத்தை நானே வந்து என் வாயால் சொல்கிறேன். கூடைப்பந்து போனால் போகட்டும், படிப்பாவது மிஞ்சும். அப்பாவைக் காப்பாற்ற வேண்டியது நீ இல்லை. அவர் கெட்டவரும் இல்லை, டால்டன். அதனால்தான் யாரிடமும் சொல்லி அழக்கூட முடியவில்லை.

கர்த்தர் உன் கையைக் குணமாக்கட்டும். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது நடந்துவிட்டது என்பதற்காக, இனி எங்கே வலித்தாலும் என்னிடம் சொல்லாமல் இருந்துவிடாதே. போன் திரும்பக் கிடைத்து நீ கூப்பிட்டால், வெளியே வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவேன்.

உன் அம்மா,
லொரெய்ன்