சத்தம் வந்தால் கையைத் தூக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், இந்த முறை அதை மட்டும் எழுதிவிட்டு நகர மனம் வரவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுவேன், என்னை உனக்குத் தெரியாதா.

அந்த ஹோம் தியேட்டர் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அம்மா டிவியை அலற விடுகிறாள், பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார் என்று உன்னிடம் புலம்பினேன் அல்லவா. கையைக் கடிக்காத விலையில் ஐந்து ஸ்பீக்கர் போடுகிற சின்ன ரிசீவர் பெட்டி போதும்ப்பா, வாட்ஸைப் பார்த்து மயங்காதீங்க, பேச்சு வருகிற நடு ஸ்பீக்கரை மட்டும் தனியாகக் கூட்ட முடியுமான்னு கேளுங்க என்று நீயும் படித்துப் படித்துச் சொன்னாய். நான் கேட்டேனா? கடையில் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டார்கள், சட்டைப் பொத்தான் வரைக்கும் அதிர்ந்தது, அதோடு நான் அவுட். அதே விலைக்கு ஏழு ஸ்பீக்கர் போடுகிற பெயர் தெரியாத ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எப்படி இருக்கு என்று அம்மாவைக் கேட்டேன், நல்லா இருக்குங்க என்றாள். நம் ஹாலின் லட்சணம் உனக்குத் தெரியும், ஒரு ஸ்பீக்கர் செருப்பு அலமாரி மேலே, இன்னொன்று ஃப்ரிட்ஜ் மேலே என்று ஐந்தை எப்படியோ வைத்தேன், மீதி இரண்டுக்கு இடமே இல்லை, அட்டைப் பெட்டியிலேயே கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் மாமா பார்க்க வந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ரிசீவரில் ஒரு சோதனை இருக்கிறது, உஸ்ஸென்று ஒரு சத்தம் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும், எது கூட எது குறைய என்று பார்த்து நாம் சரி செய்ய வேண்டும். அம்மாவை சோபாவின் நடுவில் உட்கார வைத்து, சத்தம் வந்தால் கையைத் தூக்கு, எந்தப் பக்கம் என்று காட்டு என்றேன். நான் எதிரே ரிமோட்டோடு நின்றேன். முதல் சுற்றில் ஒன்று விடாமல் காட்டினாள், பார்த்தாயா உன் அக்காவை என்று மாமாவிடம் பீற்றிக்கொண்டேன். அப்புறம் ஒயர் ஒன்று லூசாக இருக்கிறதென்று டிவிக்குப் பின்னால் குனிந்தேன். சத்தம் பாட்டுக்குச் சுற்றுகிறது, நிமிர்ந்து பார்த்தால் இவள் கை மடியிலேயே இருக்கிறது. வண்டி பழக வந்து பிரேக்கை மிதிக்காதவனிடம் கத்துவேனே, அதே தொண்டையில், புத்தியை எங்கேடி வெச்சிருக்க என்று கத்தினேன், அவள் தம்பி முன்னாலேயே. மாமா காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அவன் போன பிறகுதான் சொன்னாள், நீங்க எந்தப் பக்கம் பாக்கறீங்கன்னு பாத்துத்தான் கையைத் தூக்கினேன், நீங்க குனிஞ்சதும் எனக்கு ஒண்ணும் தெரியலைங்க என்று. ஒரு வருஷத்துக்கு மேலாகவே காது அடைத்துக்கொண்டு வருகிறதாம். வெட்கமாக இருக்கிறது கண்ணு. வர வர உன் அம்மா என் பேச்சுக்கு மறுபேச்சு பேசுவதில்லை என்று டிரைவிங் ஸ்கூல் முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தேன். அவள் என் பேச்சை ஒத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லையம்மா, அவளுக்கு அது கேட்கவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நம் பில்டிங் வாட்ச்மேனுக்குக் காது மந்தம், அவர் பேசுவதுபோல் நடித்துக் காட்டி வருகிறவர்களையெல்லாம் சிரிக்க வைப்பேனே, அதைச் சொன்னாள். என்னால் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாளே பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீ சொன்ன சின்னதையே மாற்றி வாங்கி வந்தேன், கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். நடு ஸ்பீக்கரைக் கூட்டி வைத்ததும் செய்தி வாசிப்பவர் சொல்வது ஓரளவு புரிகிறது என்றாள். காது டாக்டரிடமும் காட்டியாகிவிட்டது, மெஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்றார், அளவு எடுத்திருக்கிறார்கள். அதைத் தலைமுடியால் மறைத்துக்கொள்ளலாமா என்றுதான் இவள் டாக்டரைக் கேட்டாள்.

இனி எழுதுவதைப் பொறுமையாகப் படி. கரு தங்கவில்லை என்று அன்றைக்கு நீ அம்மாவுக்குப் போன் செய்து அழுதாய். நல்லது கண்ணு, உடம்பைப் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள் என்று அப்புறம் என்னிடம் சொன்னாய். அன்றிலிருந்து அவளோடு நீ பேசவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, அவள் மனசு கல்லாகிவிட்டதம்மா என்று நானும் உன்னிடம் ஒத்து ஊதினேன். நேற்று நைசாகக் கேட்டுப் பார்த்தேன். குழந்தை நின்றிருக்கிற நல்ல செய்தியைத்தான் நீ சொன்னாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மகள் ஏன் பேசுவதே இல்லை என்று கேட்டதற்கு, மசக்கையா இருக்கும், படுத்திருப்பா, தொந்தரவு பண்ண வேண்டாம் என்கிறாள். மஞ்சள் நூலில் சின்னதாக ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள், ஒரு கை முடிந்துவிட்டது.

இந்த விஷயத்தை அவள் காதருகே போய்க் கத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெஷின் வந்து அவள் முதலில் கேட்பது அதுவாக இருக்கவும் வேண்டாம். அவளுக்கு நீயே ஒரு கடிதம் எழுது, அவள் பெயருக்கே அனுப்பு, நான் பிரிக்க மாட்டேன். என்னைத் திட்டுவதென்றால் தனியாக எழுது, வாங்கிக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, கனமான எதையும் தூக்காதே. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று வாழ வேண்டும்.

அவள் படிக்கும்போது நான் பக்கத்திலேயே இருப்பேன்.

உன் அப்பா